உள்ளங்கை மெருகு

சபாயே, ஜப்பான்
பிப்ரவரி 18

அன்புள்ள அத்தைக்கு,

  முந்திரித் தோப்பில் பூ நின்றுவிட்டதா? பூக்கும் நேரத்தில் மூடுபனி அதிகமானால் பூ கருகிவிடும் என்று மாமா விடியற்காலையில் எழுந்து வானத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாரே, இந்த வருஷமாவது அவரைத் தூங்க விட்டதா என்று எழுதுங்கள்.

இங்கே வாசலில் இடுப்பளவுக்குப் பனி கொட்டிக் கிடக்கிறது. மரக்காணம் உப்பளத்தில் அம்பாரம் அம்பாரமாக உப்பைக் குவித்து வைத்திருப்பார்களே, தெரு முழுக்க அப்படித்தான் இருக்கிறது. சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே என்று இந்தப் பக்கத்தில் ஒரு சொலவடையே உண்டு. வருஷம் முழுக்க மழையோ பனியோ ஏதாவது ஒன்று. துணி காயாது. ஆனால் இந்த ஈரத்தில்தான் ஒரு பெரிய தொழில் பிழைக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை நீளக் கடிதம்.

அடுத்த வாரம் நெய்வேலிப் பையன் ஒருவன் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறான். அவன் கையில் உங்களுக்கு ஒரு பொதி கொடுத்திருக்கிறேன். அதைப் பிரிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பெரியவனைப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மத்தியானம் வேலை ஓய்ந்த பிறகு, மெதுவாக நீங்களே படியுங்கள்.

பொதிக்குள் இருப்பது ஒரு சின்ன மடக்குத் திரை. முழங்கால் உயரத்தில் இரண்டு தட்டி, ஒன்றோடொன்று சேர்த்தது. நடுவில் காகிதம், சுற்றிலும் கறுப்புச் சட்டம். ஜப்பான்காரர்கள் இதை 'பியோபு' என்கிறார்கள். காற்றுத்தடுப்பு என்று அர்த்தம். குளிர்காற்று உள்ளே வராமல் மறைக்க வைத்த பொருள்தான், நாளடைவில் வீட்டுக்கே அழகான பொருளாகிவிட்டது. அத்தை, காகிதத்தையும் உருஷி என்ற கறுப்புப் பூச்சையும் செய்தவர்கள் வேறு. ஆனால் இதைக் கட்டியது, ஒட்டியது, பூசியது எல்லாம் நான். என் கையால் முடித்த முதல் பொருள் உங்களுக்குத்தான் வரவேண்டும் என்று ஆரம்பித்த நாளே முடிவு செய்துவிட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் மருமகன் கண்ணாடிச் சட்ட ஆலையில் வேலைக்குச் சேர்ந்து இந்த ஊருக்கு வந்தோம். நீங்கள் இப்போது போட்டிருக்கும் சட்டமும் இந்த ஊர்ச் சரக்குதான். ஜப்பானில் தயாராகும் கண்ணாடிச் சட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இந்த வட்டாரத்தில் செய்வது. அவர் ஆலைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு எனக்குப் பேச்சுத்துணை இல்லை. ஒருநாள் தெருமுனையில் ஒரு பட்டறை திறந்திருந்தது. பெரியவர் ஒருவர் தரையில் மண்டியிட்டு, கதவு உயரத்துக்கு ஒரு மரச்சட்டத்தைக் கிடத்தி, அதன்மேல் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் நின்று பார்த்தேன். மறுநாளும் போய் நின்றேன். மூன்றாம் நாள் அவரே ஒரு மணையைத் தள்ளிப் போட்டு உட்காரச் சொன்னார். அன்று உட்கார்ந்தவள்தான், இரண்டு வருஷமாக வாரம் மூன்று நாள் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஜப்பானியரின் பழைய வீடுகளில் நம்முடையதைப் போல அறைக்கு அறை சுவர் கிடையாது. 'ஃபுசுமா' என்று தள்ளித் திறக்கும் காகிதத் தட்டிகள்தான் அறையைப் பிரிக்கும். விசேஷம் என்றால் நாலு தட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இரண்டு அறையை ஒரே கூடமாக்கிவிடுவார்கள். தட்டியின் முகம் காகிதம், விளிம்பு உருஷி பூசிய மரம். இந்த இரண்டையும் செய்கிற ஊர்கள் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு மலைக்கு அந்தப் பக்கம் எச்சிசென் என்ற பகுதியின் காகித ஊர்கள் ஐந்து. இந்தப் பக்கம் கவாதா என்ற பள்ளத்தாக்கில் உருஷிக்காரர்கள்.

முதலில் காகிதத்தைச் சொல்கிறேன். அந்த ஐந்து ஊருக்கும் ஒரு காகிதத் தெய்வம் உண்டு. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன் ஆற்றின் மேற்பக்கமிருந்து ஒரு பெண் வந்தாளாம். "உங்களிடம் நெல் விளைய நிலம் இல்லை, ஆனால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது. காகிதம் செய்து பிழைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, மேலாடையைக் கழற்றிக் கழியில் மாட்டிவிட்டு, தானே இறங்கிக் கற்றுக்கொடுத்தாளாம். பெயர் கேட்டதற்கு, மேலாற்றில் இருப்பவள் என்று மட்டும் சொல்லி மறைந்தாளாம். அதனால் 'கவகாமி கோசென்', மேலாற்று அம்மை என்றே கும்பிடுகிறார்கள். ஓதகி என்ற ஊரில் கோயில். 1843இல் கட்டிய மண்டபம். கூரைமேல் கூரையாக அலையடித்து நிற்கும். மே மாதம் திருவிழா. மலைமேலிருந்து அம்மையைப் பல்லக்கில் இறக்கி ஐந்து ஊருக்கும் கொண்டுபோவார்கள். போன வருஷம் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் நடந்தேன். நம் எல்லையம்மன் வீதி வருவது போலவே இருந்தது.

காகிதத்துக்கு மூலப்பொருள் 'கோஸோ' என்ற செடியின் பட்டை. பட்டுப்பூச்சிக்குப் போடுகிற முசுக்கொட்டைக்கு இது ஒன்றுவிட்ட உறவு. குளிர்காலத்தில் இலை உதிர்ந்ததும் கொம்புகளை வெட்டி, ஆவியில் அவித்து, பட்டையை உரிக்கிறார்கள். அடிக்கட்டையைத் தொடுவதில்லை. அது மறுவருஷம் தழைத்துவிடும். கறுப்புத் தோலைச் சுரண்டிவிட்டு, உள்பட்டையைச் சாம்பல் காரத்தில் வேகவைத்தால் நூல்நூலாக நெகிழ்ந்து வரும்.

அதன்பிறகு நடக்கும் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நான் உங்களை நினைத்தேன் அத்தை. ஒரு தொட்டியில் ஓடும் தண்ணீர். அதற்கு முன்னால் ஒரு அம்மாள், எழுபது வயசிருக்கும், உட்கார்ந்திருக்கிறார். வெந்த நாரைக் கொத்துக் கொத்தாகத் தண்ணீரில் விரித்து, அதில் இருக்கும் கறுப்புப் புள்ளி, பட்டைத் துணுக்கு, கணு ஒவ்வொன்றையும் விரல்நுனியால் கிள்ளி எடுக்கிறார். அரிசியில் கல் பொறுக்குவது போல. ஆனால் அரிசி உலர்ந்தது, இது பனி உருகிய தண்ணீர். ஒரு கொத்து முடிய அரைமணி நேரம் ஆனது. விரல்கள் பீட்ரூட் நிறத்தில் இருந்தன. குளிரவில்லையா என்று கேட்டேன். பக்கத்தில் ஒரு வாளியில் வெந்நீர் வைத்திருந்தார். அதில் கையை ஒருமுறை முக்கி எடுத்துக்காட்டிச் சிரித்துவிட்டு, மறுபடியும் தண்ணீரில் விட்டார். காகிதம் வெள்ளையாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால், எனக்கு அந்தச் சிவந்த விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஏன் குளிர்காலத்தில் செய்கிறார்கள் தெரியுமா? நாரைத் தண்ணீரில் கலக்கும்போது ஒரு வேரின் வழுவழுப்பைச் சேர்க்கிறார்கள். 'தொரொரோ-அவோய்' என்ற செடி. நம் வெண்டைக்கு நெருங்கிய சொந்தம். வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியில் நூலாக இழுக்குமே, அதே பசைதான், வேரை நசுக்கினால் வருகிறது. இது ஒட்டுவதற்காக அல்ல. நார்கள் ஒன்றோடொன்று சிக்காமல் மிதப்பதற்கும், சல்லடையிலிருந்து தண்ணீர் நிதானமாக வடிவதற்கும். வெயில் ஏறினால் இந்த வழுவழுப்பு நீர்த்துவிடும். குளிரில்தான் நிற்கும்.

மூங்கில் குச்சிகளைப் பாய்போலக் கோத்த சல்லடையில் அந்தக் கலவையை அள்ளி, முன்னும் பின்னும் ஆட்டி, மிச்சத்தை வீசி எறிவார்கள். மறுபடி அள்ளுவார்கள். நார்கள் படலம் படலமாகப் பின்னிக்கொள்ளும். ஈரத் தாளை எடுத்து, முன் செய்த ஈரத் தாளின் மேலேயே அடுக்குகிறார்கள். இடையில் துணி கிடையாது. நூறு தாள் ஒரே கட்டியாகிவிடுமே என்று நான் பதறினேன். அழுத்தித் தண்ணீரைப் பிழிந்த பிறகு, மறுநாள் ஒவ்வொரு தாளும் முனையைத் தூக்கினால் பிரிந்து வருகிறது! அதுவும் அந்த வெண்டைச் சொந்தக்காரனின் உபகாரம்தான்.

ஃபுசுமாவுக்கான தாள் ஆள் உயரம் இருக்கும். இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று ஒரே சல்லடையைப் பிடித்து ஆட்டுகிறார்கள். பேசிக்கொள்வதில்லை. ஒருத்தி மூச்சு விடுவது இன்னொருத்திக்குத் தெரிகிறது. 1926இல் இந்த ஊரின் இவானோ ஹெய்சபுரோ என்பவர் ஏறத்தாழ 5.4 மீட்டர் சதுரத்தில் ஒரே தாளைச் செய்து கொடுத்தார். தோக்கியோவில் வசேதா பல்கலைக்கழக நூலகத்துச் சுவரோவியத்துக்காக, யோகோயாமா தைக்கான், ஷிமோமுரா கன்சான் என்ற இரண்டு பெரிய ஓவியர்கள் சேர்ந்து வரைவதற்கு. நம் வீட்டுக் கூடத்தைவிடப் பெரிய தாள், ஒட்டுப்போடாதது.

உங்களுக்கு வரும் திரையின் மேல்தாளுக்குத் 'தோரினோகோ' என்று பெயர். பறவையின் பிள்ளை, அதாவது முட்டை என்று பொருள். முட்டை ஓட்டின் நிறம் என்பதால் அந்தப் பெயர். மேல்விளிம்பில் நீலமாக ஒரு மேகம், கீழே கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று தெரியும். அது வரைந்தது அல்ல. தாள் ஈரமாக இருக்கும்போதே சாயமேற்றிய நாரை ஓட விட்டு அப்படிப் படியச் செய்வது. படம் போட்ட தாள் எடுக்கலாமே என்று பட்டறைப் பெரியவர் சொன்னார். எனக்கு மேகம் போதும் என்றேன். ஐப்பசியில் வடக்கே கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம்.

இனி, கண்ணுக்குத் தெரியாததைச் சொல்கிறேன். திரையைக் கையில் எடுத்ததும், இத்தனை லேசாக இருக்கிறதே, உள்ளே என்ன என்று நினைப்பீர்கள். உள்ளே தேவதாரு மரச்சட்டம், ஜன்னல் கம்பிபோலக் கட்டம் கட்டமாக. அதன்மேல் முதலில் ஒரு தாளை இறுக்கி ஒட்டுவோம். எலும்பைக் கட்டுவது என்று அதற்குப் பெயர். அதன்மேல் ஓலைக்கூரை வேய்வது போலத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறவிட்டு ஒரு அடுக்கு. அதை அழுத்திப் பிடிக்க இன்னொரு அடுக்கு. பிறகு சின்னச் சின்னத் தாள்களை, ஓரத்தில் மட்டும் பசை தடவி, நடுவில் ஒட்டாமல் ஒரு அடுக்கு. பசை கோதுமைமாவின் சத்தில் காய்ச்சியது. கடைசியில்தான் மேல்தாள்.

நடுவில் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டேன். பெரியவர் தன் நெஞ்சில் கைவைத்து மூச்சை இழுத்து விட்டுக் காட்டினார். மழைக்காலத்தில் காகிதம் ஈரத்தைக் குடித்துத் தளரும், வெயிலில் இழுத்து இறுகும். உள்ளே காற்றுக்கு இடம் இருந்தால்தான் அதற்கு அசைய முடியும், இல்லாவிட்டால் கிழியும். முதல்முறை நான் அவசரப்பட்டு முழுக்கப் பசை தடவிவிட்டேன். பத்து நாளில் குறுக்கே விரிசல் விட்டது. அவர் திட்டவில்லை. கிழித்துப் போடு, முதலிலிருந்து ஆரம்பி என்று சட்டத்தை மட்டும் கையில் கொடுத்தார்.

இரண்டு தட்டியைச் சேர்க்கும் கீலும் காகிதம்தான். நடுவில் தடவிப் பாருங்கள், இரும்பு அகப்படாது. பழைய காலத்தில் ஓட்டை போட்டுக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். பிறகு காகிதப் பட்டைகளை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி ஒட்டக் கண்டுபிடித்தார்கள். அதனால் இடைவெளி இல்லாமல் ஒரே படம் இரண்டு தட்டியிலும் ஓடும். எந்தப் பக்கமும் மடங்கும்.

அத்தை, இனிச் சட்டத்தின் கதை. உங்கள் கதை.

அந்தக் கறுப்புதான் உருஷி. நாம் அரக்கு என்கிறோமே, அது பூச்சி தருவது. இது மரத்தின் பால். பத்துப் பதினைந்து வருஷம் வளர்ந்த மரத்தில் ஜூன் மாதம் கீறத் தொடங்குவார்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை, போன கீறலுக்கு மேலே இன்னும் சற்று நீளமாக இன்னொரு கீறல். வடிவதைச் சுரண்டிச் சுரண்டிச் சேர்த்து, இலையுதிர் காலம் முடியும்போது மரத்தையே வெட்டிவிடுவார்கள். ஒரு மரம் தன் ஆயுளுக்கும் கொடுப்பது ஏறத்தாழ 200 கிராம், ஒரு காப்பித் தம்ளர். அடிக்கட்டையிலிருந்து புதுத்தளிர் வரும், மறுபடி பத்துப் பதினைந்து வருஷம் காத்திருக்க வேண்டும். எச்சிசென் ஆட்கள் பருவத்துக்குப் பருவம் ஊர் ஊராகப் போய் உருஷி கீறுவதில் பேர்பெற்றவர்கள். இன்று ஜப்பானில் எடுக்கும் உருஷியில் பெரும்பங்கு வடக்கே இவாதே மாநிலத்து ஜோபோஜியிலிருந்து வருகிறது. அங்கேயும் இந்தக் கீறும் முறையைக் கொண்டுபோனது இந்தப் பக்கத்து ஆட்கள்தான். ஆனால் நாட்டில் செலவாகும் உருஷியில் சொந்த மரத்தின் பால் மிகக் கொஞ்சம். மிச்சம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது.

போன வருஷம் சித்திரையில் சட்டத்துக்குப் பூசக் கற்றுக்கொள்ளக் கவாதாவுக்குப் போனேன். பெரியவருக்குத் தெரிந்த வீடு. அங்கே ஒரு பாட்டியம்மாள், நாற்பது வருஷத்துக்கு மேலாக உருஷி மெருகேற்றுகிறவர். கையுறை போடச் சொன்னார். போட்டேன். ஆனால் கழற்றும்போது மணிக்கட்டில் ஒரு துளி பட்டதைக் கவனிக்கவில்லை. மறுநாள் அரிப்பு, அதற்கு மறுநாள் கொப்புளம். மூன்றாம் நாள் முகம் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. இதற்கு இங்கே 'கபுரேரு' என்று தனி வார்த்தையே வைத்திருக்கிறார்கள். உருஷித் தொழிலில் இறங்குகிறவர்கள் பலரும் ஒருமுறை கடந்துவரும் வாசல் அது.

படுக்கையில் கிடந்தபோது மணிக்கட்டுக் கொப்புளத்தைப் பார்த்தேன். எனக்கு அது புதுசாகத் தெரியவில்லை அத்தை. எத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்! வறுத்த முந்திரிக் கொட்டையின் புகை கண்ணைக் கரிக்க, நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கட்டையால் தட்டித் தட்டிப் பருப்பை முழுசாக எடுப்பீர்கள். ஓட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் பட்ட இடமெல்லாம் முதலில் கொப்புளிக்கும், பிறகு கறுக்கும், பிறகு உரியும். ராத்திரி எனக்குச் சோறு பிசைந்து கொடுக்கும்போது கரண்டியைத்தான் எடுப்பீர்கள்.

உடம்பு தேறியதும் தேடிப் படித்தேன். உருஷி மரமும் நம் முந்திரி மரமும் ஒரே குடும்பம். மாமரமும் அதே குடும்பம். சலவைக்காரர் துணியில் குறி போடுவாரே, சேங்கொட்டை, அதுவும்தான். உருஷியின் காரமும் முந்திரி ஓட்டு எண்ணெயின் காரமும் ஏறக்குறைய ஒரே உருவம் கொண்டவை. தோலைப் பொசுக்குகிற அதே குணம்தான் இறுகும்போது கண்ணாடிபோலப் படலமாகிறது. முந்திரி ஓட்டு எண்ணெயிலிருந்து செய்த பூச்சு இங்கே 'கஷ்யூ' என்ற பெயரிலேயே கடையில் கிடைக்கிறது. உருஷி வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் அதைப் பூசுகிறார்கள். பட்டறை அலமாரியில் அந்த டப்பாவைப் பார்த்த அன்று, ஊர்க்காரர் ஒருவரைச் சந்தையில் பார்த்ததுபோல் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உருஷி காய்வது விசித்திரம். வெயிலில் வைத்தால் காயாது. அதற்கு ஈரம் வேண்டும். ஒரு மர அலமாரிக்குள் நனைத்த துணியைத் தொங்கவிட்டு, பூசிய பொருளை உள்ளே வைத்து மூடுகிறார்கள். அந்த அலமாரிக்கு 'ஃபுரோ' என்று பெயர், குளியலறைக்கும் அதே பெயர்தான். காற்றின் ஈரத்தை வாங்கித்தான் உருஷி இறுகும். துணி காயாத இந்த ஊரில் இந்தத் தொழில் வேர்விட்டது அதனால்தான். இறுகிவிட்டால் சுடுநீர், புளிப்பு, காரம் எதுவும் அதை அசைக்காது. 1873இல் வியன்னாவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு ஜப்பானிலிருந்து போன பொருள்கள் திரும்பி வரும்போது, 1874இல் 'நீல்' என்ற கப்பல் இசு தீபகற்பத்துக்கு அருகே மூழ்கிவிட்டது. ஓராண்டுக்கு மேல் கடலடியில் கிடந்து எடுத்த பெட்டிகளில் உருஷிப் பொருள்கள் மெருகு குலையாமல் இருந்தன. அதைவிடப் பழைய சாட்சி எங்கள் ஃபுக்குய் மாநிலத்திலேயே உண்டு. தோரிஹாமா என்ற இடத்தில் தோண்டியெடுத்த ஒரு சிவப்பு உருஷிச் சீப்பு, சுமார் 6,000 வருஷத்தது. எந்தப் பெண் தலைவாரினாளோ!

பூசுகிற தூரிகை மனிதத் தலைமுடியில் செய்தது. நீளமான பெண்கள் கூந்தலைப் பலகைக்குள் கடைசிவரை வைத்து அடைத்திருப்பார்கள். நுனி தேய்ந்தால், பென்சில் சீவுவது போல மரத்தைச் சீவிப் புதுமுடியை வெளியே எடுப்பார்கள். பூசுமுன் உருஷியைத் தூசி இல்லாமல் வடிகட்ட வேண்டும். எதனால் தெரியுமா? காகிதத்தால். யோஷினோ என்ற ஊரில் இதற்கென்றே செய்யும் தாள், ஈசல் இறகைப்போல மெலிசு. அதில் உருஷியை வைத்து இரண்டு முனையையும் முறுக்கிப் பிழிந்தால் தேன்போலச் சொட்டும். காகிதம் இல்லாமல் உருஷி சுத்தமாகாது, உருஷி இல்லாமல் காகிதத் தட்டிக்கு விளிம்பு நிற்காது. மலைக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு இப்படித்தான் ஒன்றையொன்று தாங்குகின்றன.

என் சட்டத்துக்கு அடிப்பூச்சு, களிமண் பொடி கலந்த பூச்சு, நடுப்பூச்சு, மேல்பூச்சு என்று எட்டு முறை பூசினேன். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு தண்ணீர் தொட்டுக் கல்லாலும் கரித்துண்டாலும் தேய்த்தேன். கரி தேய்த்த பிறகு சட்டம் கறுப்புப் பலகைபோல ஒளியற்று இருந்தது. இனி மெருகுக்கு என்ன இயந்திரம் என்று பாட்டியம்மாளைக் கேட்டேன்.

அவர் பதில் சொல்லாமல் ஒரு துளி எண்ணெயை விட்டு, மான்கொம்பைச் சுட்டு அரைத்த வெள்ளைப் பொடியைத் தொட்டு, வெறும் உள்ளங்கையைச் சட்டத்தின்மேல் வைத்துத் தேய்த்தார். துணி இல்லை, தோல் இல்லை. கைதான். மெல்ல, சூடு ஏறும்வரை. கையை எடுத்தபோது அந்த இடத்தில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்கு வெளியே பனி தெரிந்தது. மனிதத் தோலைவிட மெலிசான தேய்ப்பான் வேறில்லை என்றார். கியோத்தோவில் மரக்கட்டையால் ஃபுசுமாத் தாளில் பூவேலை அச்சிடுகிறவர்களும் அப்படித்தான், தாளின் முதுகை உள்ளங்கையால் தடவித்தான் அச்சு எடுப்பார்கள் என்றும் சொன்னார். பிறகு தன் கையைத் திருப்பி என்னிடம் காட்டினார். நகக்கண் கறுப்பு, விரல்ரேகையில் கறுப்பு, கட்டைவிரல் ஓரத்தில் தோல் தடித்து வெடித்திருந்தது. பார், இதுதான் என் கருவி என்று காட்டுகிற முகம். அங்கே வேலை கேட்டு வரும் இளசுகள் முதலில் அந்தக் கைகளைத்தான் குனிந்து பார்க்கிறார்கள்.

அத்தை, அந்தக் கணத்தில் எனக்கு என் வளைகாப்பு நினைவுக்கு வந்தது. எல்லோரும் வரிசையாக வந்து வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். உங்கள் முறை வந்தது. கூட்டத்தில் யாரோ, கையைக் கழுவிவிட்டு வரக்கூடாதா என்றார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கழுவித்தான் வந்திருந்தீர்கள். அந்தக் கறுப்பு கழுவினால் போகிறதா? உங்கள் கையைத் திருப்பி, புறங்கையால் என் கன்னத்தில் சந்தனத்தைத் தடவினீர்கள். நான் பார்த்தேன். அன்று வாய்திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழு வருஷமாக அந்தப் புறங்கை என் கன்னத்திலேயே இருக்கிறது. என் பள்ளிக்கூடக் கட்டணமும் கல்லூரிப் புத்தகமும் எந்தக் கையிலிருந்து வந்தன என்று அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு. அதனால்தான் முதல் பொருள் உங்களுக்கு.

இங்கே இந்தத் தொழில்கள் கொழிக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். புதுவீடுகளில் ஃபுசுமா வைப்பது குறைந்துவிட்டது. பிளாஸ்டிக் தாளும் ரசாயனப் பூச்சும் மலிவு. எங்கள் பெரியவருக்குப் பின் அந்தப் பட்டறையை எடுத்து நடத்த அவர் வீட்டில் ஆள் இல்லை. ஆனாலும் இந்தக் கைகளுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. பெருமை பேசுவதோடு நிற்காமல், கூலியிலும் அது இருக்க வேண்டும். இங்கேயும் சரி, நம் ஊரில் கொட்டை உடைக்கிறவர்களுக்கும் சரி. உங்களுக்குக் கையுறை வாங்கித் தரவேண்டும் என்று அந்த நாளில் யாருக்கும் தோன்றவே இல்லையே.

திரையை எங்கே வைப்பது என்று சொல்கிறேன். வெயில் நேரே விழும் ஜன்னலருகே வேண்டாம். உருஷிக்கு எமன் வெயில்தான். சமையலறைப் புகையும் வேண்டாம். தரையில் வைத்தால் கரையான் ஏறும், பசையை மோப்பம் பிடித்துக் கரப்பான் வரும். அதனால் கூடத்து மர அலமாரியின் மேல், மாமாவின் வானொலிப்பெட்டி இருந்த இடத்தில் வையுங்கள். முழுக்க விரித்தால் விழுந்துவிடும், சற்று மடங்கியே நிற்கட்டும். மழைக்காலத்தில் தாள் கொஞ்சம் தளர்ந்தாற்போல் தெரிந்தால் பயப்படாதீர்கள். மூச்சு விடுகிறது.

இன்னொன்று. வலப்பக்கத் தட்டியின் சட்டத்தில், கீழ்மூலையில், ஒரு சாண் நீளத்துக்கு மெருகு ஏறாமல் மங்கலாக இருக்கும். என் கைக்கு அவ்வளவுதான் பழக்கம் வந்திருக்கிறது. திருத்திக் கொடுக்கட்டுமா என்று பாட்டியம்மாள் கேட்டார். வேண்டாம் என்றேன். உருஷி கைபடக் கைபட மெருகேறும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

வைகாசியில் தங்கைக்கு வளைகாப்பு, நான் வருவேன். அவள் கன்னத்தில் முதல் சந்தனம் நீங்கள்தான் பூச வேண்டும், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அதுவரை, தினமும் மத்தியானம் ஒரு நிமிஷம், அந்த மங்கலான இடத்தில் கைவைத்துத் தேய்த்து வையுங்கள். துணியால் வேண்டாம். உள்ளங்கையால்.

மாமாவுக்கு என் வணக்கம்.

என்றும் உங்கள் அன்பு மறவாத
மருமகள்